ஜெப ஆலயத்தின் சனிக்கிழமை விருந்தில் குப்பையைக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

யூத ஜெப ஆலயங்களின் பசுமைக் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் பெரும்பாலும் கூரையில் சூரிய மின் தகடு பதிப்பது பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். ஆறு மாதம் கூட்டம் நடக்கும், மூன்று பேரிடம் விலை கேட்பார்கள், நிர்வாகக் குழு தள்ளிப்போடும், ஆட்கள் சோர்ந்து போவார்கள். நான் சாப்பாட்டு மேசையில் தொடங்கச் சொல்வேன். சனிக்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் 'கித்துஷ்' விருந்துதான் அந்த மேசை.

கணக்கு எளிது. வாரம் 100 பேர் வந்தால் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஓர் இனிப்புத் தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கோப்பை. வருடத்தில் 50 வாரம் என்று வைத்தால் 20,000 உருப்படிகள். அவ்வளவும் ஒரு தடவை பயன்பட்டுக் குப்பைக்குப் போகின்றன.

நான் யூதர் அல்ல. நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டதால் அவருடைய ஆலயத்தின் குழுவில் சேர்ந்தேன். அங்கே நானும் தடுமாறினேன், எனக்குப் பின்னால் வந்தவர்களும் அதே இடங்களில் தடுமாறுவதைப் பார்த்தேன். அந்த இடங்களைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடித்தளம்.

1. மூன்று பேரிடம் பேசுங்கள், ரபியிடம் முதலில்

ரபி என்பவர் ஆலயத்தின் மதகுரு. இந்த வேலையில் ஏறக்குறைய ஒவ்வொரு அடியிலும் யூதச் சட்டம், அதாவது ஹலாகா, குறுக்கே வரும். தட்டு வாங்குவதில், கழுவுவதில், குப்பையைப் பிரிப்பதில், மிச்சத்தைக் கொடுப்பதில் எல்லாம் கேள்வி உண்டு. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம் என்று பிரிவுக்குப் பிரிவு நடைமுறை மாறும். ஒரே பிரிவிலும் ஆலயத்துக்கு ஆலயம் மாறும். நான் எழுதுவது ஒரு கன்சர்வேடிவ் ஆலயத்தில் பார்த்ததும், ஆர்த்தடாக்ஸ் நண்பர்களிடம் கேட்டதும். உங்கள் ஆலயத்து ரபி வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே முடிவு.

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என்ன பாத்திரம் வாங்கலாம்? யார், எப்போது கழுவலாம்? குப்பையைப் பிரிக்கலாமா? மிச்சத்தை எப்போது வெளியே கொடுக்கலாம்? பஸ்கா பண்டிகைக்கு முன் கம்போஸ்டை, அதாவது மக்கவைக்கும் உணவுக் கழிவை, என்ன செய்வது? பதிலையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ரபி அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார்" என்று பின்னால் எழும் வாக்குவாதம் அதோடு நின்றுவிடும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, 'பால் தஷ்கித்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ரபிக்கே பாடம் எடுப்பது. 'அழிக்காதே' என்பது அதன் பொருள். மூலம் வேதாகமத்தின் உபாகமம் 20:19. ஒரு நகரை முற்றுகையிடும்போது அங்குள்ள கனிமரங்களை வெட்டாதே என்பதுதான் அந்த வசனம். பாத்திரத்தை உடைப்பது, துணியைக் கிழிப்பது, ஊற்றை அடைப்பது, உணவை வீணாக்குவது என்று இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் அதை விரித்து எழுதினார். விளக்கில் எண்ணெய் தேவைக்கு மேல் வேகமாக எரியும்படி செய்வதும் இந்த விதியை மீறுவதே என்று பழைய யூதச் சட்ட நூலான தல்மூத் பேசுகிறது. இதையெல்லாம் ரபி உங்களைவிட நன்றாக அறிவார். ஒரு சனிக்கிழமை அவரையே பேசச் சொல்லுங்கள். நாம் பத்துச் சுவரொட்டி ஒட்டுவதைவிட அவர் பத்து நிமிடம் பேசுவது ஆழமாக இறங்கும்.

அடுத்து சமையலறைப் பொறுப்பாளர். தெர்மாகோல் தட்டு ஏன் வந்தது என்று அவரிடம் கேளுங்கள். காரணம் சோம்பல் இல்லை. கோஷர் எனும் யூத உணவு விதிப்படி பாலுக்கு ஒரு பாத்திரத் தொகுதி, இறைச்சிக்கு இன்னொரு தொகுதி வேண்டும். வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் சபாத் எனும் ஓய்வுநாளில் கழுவுவதற்கும் கட்டுப்பாடு. தன்னார்வலர்களோ குறைவு. இந்த மூன்று சிக்கலையும் தூக்கி எறியும் தட்டு ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது. அதற்குப் பதிலாக நீங்கள் கொண்டுவருவதும் இந்த மூன்றையும் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, துப்புரவுப் பணியாளர். கூட்டங்களுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் எந்தப் பை கனம், எது ஒழுகும், எந்த வாரம் எவ்வளவு சாப்பாடு அப்படியே குப்பைக்குப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய வேலை நேரம் கூடாதபடி திட்டம் போடுங்கள். கூடினால் அதற்கு ஊதியம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

2. தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் ஆகிய பண்டிகைகள் மூன்றும் செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து வரும். ஆலயம் நிரம்பி வழியும், பொறுப்பில் இருப்பவர்கள் தூங்கவே மாட்டார்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் கொண்டு போகாதீர்கள். "நிறையப் பேர் வருவார்களே, அப்போதே காட்டலாமே" என்று தோன்றும். நிறையப் பேர் வருவதால்தான் தோற்கும்.

சுக்கோத் முடிந்ததும் வரும் ஹெஷ்வான் எனும் யூத மாதத்தில் பெரிய பண்டிகை எதுவும் இல்லை. அதுதான் நமக்கு ஏற்ற நேரம். அப்போது அளக்கத் தொடங்கினால் குளிர்காலத்தில் ஒத்திகை பார்க்கலாம். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும் தூ பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. அன்றைக்கு முடிவுகளைச் சபை முன் வைக்கலாம். பழங்கள் சாப்பிட்டு மரங்களைப் பற்றிப் பேசும் நாள் என்பதால் கேட்கிற மனநிலையும் இருக்கும்.

இன்னொன்று: கூட்டத்தை ஒருபோதும் வெள்ளி மாலையிலோ சனிக்கிழமை பகலிலோ வைக்காதீர்கள். வெளி அமைப்புகளோடு சேர்ந்து செய்யும் ஆற்றங்கரைத் துப்புரவும் மரம் நடுதலும் வழக்கமாகச் சனிக்கிழமையில்தான் வரும். சபாத் அனுசரிப்பவர்கள் வர முடியாது, வர முடியாததைச் சொல்லவும் தயங்குவார்கள். ஞாயிறுக்கு மாற்றுங்கள்.

3. நான்கு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

அளவு இல்லாமல் போனால் "எங்கள் ஆலயத்தில் அவ்வளவு வீணாவதில்லை" என்ற ஒரு வாக்கியம் உங்களை நிறுத்திவிடும்.

ஆனால் சபாத்தில் எழுதக் கூடாது, எடை போடக் கூடாது, போனில் படம் எடுப்பதும் கூடாது. அதனால் சனிக்கிழமை பைகளைக் கட்டி ஓரிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலை கையுறை மாட்டிக்கொண்டு ஒரு விரிப்பில் கொட்டி, உணவு, தட்டு கோப்பை, மற்றவை என்று பிரித்து எடை போடுங்கள்.

இதை நேரில் பார்க்காதவருக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. எங்கள் முதல் ஞாயிறு, விரிப்பில் விழுந்ததில் கண்ணை உறுத்தியவை ஒரு கடி மட்டும் கடித்த பேகல் எனும் வளைய ரொட்டிகள்தான். ஒரு கோப்பைக்குள் இன்னொரு கோப்பை செருகி, அதற்குள் கைத்துடைப்புத் தாள் திணித்து, அதற்குள் பாதி மீன் சாலட். பெரியவர் ஒருவர் ஒரு பேகலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தார். அடுத்த வாரம் பேகல்கள் பாதியாக வெட்டி வைக்கப்பட்டிருந்தன. கூட்டம் இல்லை, தீர்மானமும் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழுவில் ஒருவரையாவது அந்த ஞாயிறு கூட்டி வந்துவிடுங்கள்.

4. தட்டு வாங்குவதற்கு முன்

அவசரத்தால் பணம் வீணாவது இங்கேதான். மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதல் தவறு, வீடுகளிலிருந்தும் பழைய பொருள் கடைகளிலிருந்தும் தட்டு சேகரிப்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் கோஷர் சமையலறைக்குள் அவை போகாது. உலோகப் பாத்திரமாக இருந்தால் கொதிநீரில் முக்கிக் கோஷர் ஆக்க வழி உண்டு. பீங்கான் உணவை உறிஞ்சியிருக்கும் என்பதால் அதற்கு அந்த வழி இல்லை. புதிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களையும் மிக்வே எனும் சடங்குக் குளத்தில் முக்கி எடுத்த பிறகே பயன்படுத்துவார்கள். எந்தப் பொருளுக்கு இது தேவை, எதற்குத் தேவையில்லை என்று ரபியிடம் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

இரண்டாவது தவறு, 'மக்கும் தட்டு' என்று அச்சிட்டதை நம்பி வாங்குவது. சோளத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் கோப்பைகள் அதிக வெப்பம் உள்ள பெரிய கம்போஸ்ட் ஆலையில்தான் மக்கும். உங்கள் ஊர்க் குப்பை அங்கே போகவில்லை என்றால், அதிக விலை கொடுத்து அதே குப்பைமேட்டை நிரப்புகிறீர்கள். ஆலை இருக்கிறதா, அது தட்டுகளை எடுக்குமா என்று முதலில் கேளுங்கள். சில ஆலைகள் உணவை மட்டும்தான் எடுக்கும்.

மூன்றாவது, அதிகக் கூட்டம் வரும் நாளைக் கணக்கில் வைத்து வாங்குவது. பிள்ளைகள் வயதுக்கு வருவதைக் கொண்டாடும் பார் மிட்ஸ்வா விழா இருந்தால் கூட்டம் இரண்டு மடங்காகும். அதற்காக 250 தட்டு வாங்கினால் வைக்க அலமாரி இருக்காது. சாதாரண வாரத்துக்கு வரும் எண்ணிக்கையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். 100 பேர் என்றால் 120. இடையில் கழுவ முடியாது என்பதால் அந்தக் கூடுதல் அவசியம். பெரிய விழா வந்தால் காகிதத் தட்டு வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. வருடத்தில் நாற்பது வாரம் திருந்தினாலே பெரிய காரியம்.

பாலா, இறைச்சியா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை காணுங்கள். கித்துஷ் விருந்தைப் பால் வகையாகவோ, பாலும் இறைச்சியும் சேராத 'பர்வே' வகையாகவோ நிலைப்படுத்தினால் ஒரே தொகுதி பாத்திரம் போதும், ஒரே கழுவும் இயந்திரம் போதும். வெள்ளி பிற்பகல் அடுப்பேற்றி இரவெல்லாம் கதகதப்பில் கிடக்கும் சோலன்ட் குழம்பை இறைச்சி இல்லாமல் மொச்சை வகை, பார்லி, உருளைக்கிழங்கு போட்டுச் செய்யலாம். காலநிலையைக் காட்டி இறைச்சியை நிறுத்தச் சொன்னால் மேசை இரண்டாகப் பிரியும். "ஒரு தொகுதி பாத்திரம் போதும்" என்று சொல்லிப் பாருங்கள், சமையலறைப் பொறுப்பாளரே உங்கள் பக்கம் பேசுவார்.

5. வெள்ளிக்கிழமை மதியமே எல்லாம் முடிய வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சனிக்கிழமை நடப்பதை வெள்ளிக்கிழமைதான் தீர்மானிக்கிறது. சபாத் தொடங்கிவிட்டால் மறந்தது மறந்ததுதான்.

சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு சபாத் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். டிசம்பரில் எங்கள் பக்கம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். எனவே குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்குள் வேலையை முடியுங்கள். தட்டுகளை எண்ணி மேசையோரம் அடுக்குங்கள். தொட்டிகளுக்குப் பை மாட்டி, கூடுதல் பைகளைக் கிழித்து வையுங்கள், ஏனென்றால் சுருளிலிருந்து கிழிப்பதும் சபாத்தில் கேள்விக்குரியது. ஃப்ரிட்ஜின் உள் விளக்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் கதவைத் திறந்ததும் விளக்கு எரியும், சபாத் அனுசரிப்பவர் மிச்சத்தை உள்ளே வைக்கவே திறக்க மாட்டார், நல்ல சாப்பாடு மேசையிலேயே கெடும். காபிக்கான சூட்டுப் பாத்திரத்தை நிரப்பிப் போட்டுவிடுங்கள். மின்விளக்குகளின் டைமரைச் சரிபாருங்கள்.

இனி கழுவும் வேலை. அதே சபாத்தில் மறுபடி தேவைப்படும் பாத்திரத்தைத்தான் கழுவலாம். சபாத்துக்குப் பிந்திய தேவைக்காக ஆயத்தம் செய்வது கூடாது. அதனால் தட்டுகளை எச்சம் தட்டி அடுக்கி வைத்துவிட்டு, குளிர்காலத்தில் சனி இரவிலும் கோடையில் ஞாயிறு காலையிலும் கழுவுங்கள். ஜூனில் சபாத் முடிய இரவு ஒன்பதைத் தாண்டிவிடும், அதற்கு மேல் யாரும் வர மாட்டார்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவதுதான் ஞாயிறு காலையின் பெரும்பாடு. ஊற வைக்கலாமா என்று ரபியிடம் கேட்டு வையுங்கள். உணவகங்களில் இருக்கும் வகை இயந்திரம் இருந்தால் 120 தட்டுக்கு ஏழெட்டு ரேக், ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். வீட்டு இயந்திரம் என்றால் காலை முழுவதும் போய்விடும். அதை யோசித்து ஆள் போடுங்கள்.

என்னைப் போல யூதர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மாதம் ஒரு சனிக்கிழமை, "நான் யூதர் இல்லையே, நான் அழுத்தினால் என்ன?" என்று நினைத்து இயந்திரத்தின் பொத்தானை நோக்கிக் கை நீட்டினேன். சமையலறைப் பொறுப்பாளரான அம்மா மெதுவாக என் முன்னால் வந்து நின்றார். யூதருக்காக அந்த வேலையை வேறொருவர் செய்வதும் அவர்கள் சட்டப்படி சரியில்லை, அதன் பலனையும் அவர்களால் எடுத்துக்கொள்ள முடியாது. உதவுவதாக நினைத்து அவர்களுடைய ஓய்வுநாளையே கெடுக்கப் பார்த்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. நாம் உதவக்கூடிய நேரம் வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும்.

6. தொட்டிகளை வைக்கும் விதம்

கலந்து கிடப்பதிலிருந்து வேண்டாததைப் பிரித்தெடுப்பது சபாத்தில் தடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. ஆகவே ஒரே தொட்டியில் போட்டுவிட்டுத் தன்னார்வலர் ஒருவர் பிறகு பொறுக்கும் முறை இங்கே நடக்காது. ஒவ்வொருவரும் தன் தட்டில் இருப்பதை நேராக உரிய தொட்டியில் போடும்படி அமைக்க வேண்டும்.

உணவு, மற்ற குப்பை, தட்டு அடுக்கும் மேடை என்று மூன்று இடம் போதும். ஐந்து தொட்டி வைத்த வாரம் மக்கள் குழம்பிப் போய் எல்லாவற்றையும் முதல் தொட்டியிலேயே போட்டார்கள். எழுத்துப் பலகையைவிட, அன்றைக்குப் பரிமாறிய பொருள்களின் படம் ஒட்டுவது பலன் தரும். முதல் ஆறு வாரம் தொட்டியருகே ஒரு ஆள் நிற்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளை நிறுத்துங்கள். பெரியவர் சொன்னால் முகம் சுளிப்பவர்களும் பேரப்பிள்ளை வயதுள்ளவர் சொன்னால் சிரித்துக்கொண்டே மாற்றிப் போடுவார்கள்.

தவறாகப் போட்டதைச் சனிக்கிழமை எடுக்காதீர்கள். ஞாயிறு வரை பொறுங்கள்.

7. மிஞ்சிய சாப்பாடு

மேசையில் பரப்பிய உணவை அன்னதான அமைப்புகள் பொதுவாக ஏற்பதில்லை. சமையலறையை விட்டு வெளியே வராத, மூடிய தட்டங்களைத்தான் எடுப்பார்கள். எனவே எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் வைக்காமல் பாதியை உள்ளே வைத்துக்கொண்டு, தீரத் தீர எடுத்து வையுங்கள். இந்த ஒரு மாற்றம் மட்டுமே மீட்கும் உணவைப் பெருக்கும்.

சூடானது 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்தது 4 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்ததைக் கொடுக்காதீர்கள். வண்டி வந்து எடுத்துப் போவது சபாத் முடிந்த பிறகுதான். அதனால் எடுப்பவரோடு ஞாயிறு நேரம் பேசிக்கொள்ளுங்கள்.

"யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் வழக்கு வந்தால்?" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அமெரிக்காவில் 1996-இல் வந்த பில் எமர்சன் சட்டம், நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. மிகுந்த அலட்சியம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டத்தின் ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

8. கம்போஸ்ட்

ஆலயத்துத் தோட்டத்தில் குவியல் போட்டால் காய்கறி, பழத்தோல், காபித்தூள், முட்டை ஓடு மட்டும் போடுங்கள். மீன், சீஸ், இறைச்சி போட்டால் எலி வரும். ஒரு முறை எலி தென்பட்டால் திட்டமே மூடப்படும். உணவில் மீனும் சீஸும் அதிகம் என்றால், வண்டி வைத்து எடுத்துப் போகும் நிறுவனத்தை அமர்த்துவதே நல்லது.

பஸ்காவை மறக்காதீர்கள். அந்த நாள்களில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் யூதர் உடைமையில் இருக்கக் கூடாது. குவியலுக்குள் கிடக்கும் ரொட்டித் துண்டும் கேள்விக்குள்ளாகும். ஒரு மாதம் முன்பே ரொட்டி போடுவதை நிறுத்தி, ரபியிடம் கேளுங்கள்.

சுக்கோத் பந்தலின் கூரைத் தழைகளும் குவியலுக்கு நல்ல வரவு. ஆனால் அந்தப் பண்டிகையில் கையில் ஏந்தும் பேரீச்சங்குருத்தையும் நாரத்தை போன்ற எத்ரோக் பழத்தையும் குப்பை மாதிரி எறிய மாட்டார்கள். சொந்தக்காரரைக் கேட்டு வாங்குங்கள்.

9. காகிதத்தில் கை வைக்கும் முன்

மேசை வெற்றி கண்டதும் குழுவுக்கு உற்சாகம் வரும். பழைய காகிதங்களை எல்லாம் மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்று கிளம்புவார்கள். நில்லுங்கள். கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது. கிழிந்த ஜெபப் புத்தகங்களையும் அப்படிப்பட்ட தாள்களையும் 'கெனிசா' என்ற இடத்தில் சேர்த்துவைத்து, பிறகு மண்ணில் புதைப்பார்கள். வார அறிவிப்புத் தாளிலும் ஒரு வசனம் எபிரேயத்தில் இருக்கலாம்.

மறுசுழற்சிப் பெட்டியின் பக்கத்திலேயே கெனிசாவுக்கு ஒரு பெட்டி வையுங்கள். சந்தேகமான தாள் அதில் போகட்டும். வார அறிவிப்பில் வசனத்தை அச்சிடாமல் அதிகார எண்ணை மட்டும் போட்டால் புதைக்க வேண்டிய தாளும் குறையும்.

10. ஆலயத்துக்கு வெளியே

ஒரு வருட எடைக் கணக்கு கையில் வந்த பிறகு ஊருக்குள் பேசப் போங்கள். அதுவரை வேண்டாம். நகர மன்றத்தில் "உணவுக் கழிவைத் தனியாக எடுங்கள்" என்று கேட்கும்போது, நாங்கள் வாரம் இத்தனை கிலோ பிரிக்கிறோம், எடுக்க வண்டி இல்லை என்று சொல்ல முடிய வேண்டும்.

ஆலயம் வரிவிலக்கு பெற்ற அமைப்பு. தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ அதன் பெயரில் பேசக் கூடாது. பிரச்சினையைப் பற்றிப் பேசலாம்.

தேசிய அளவில் துணை வேண்டும் என்றால், ஹசோன், பெர்ல்ஸ்டோன் ஆகிய இரண்டு யூத அமைப்புகள் 2023-இல் இணைந்து உருவான 'அடாமா' இருக்கிறது. நிறுவனங்கள் காலநிலைத் திட்டம் வகுக்க அது உதவுகிறது. 2020-இல் தொடங்கிய 'தயேனு' பொதுக் கொள்கைக்காகக் குரல் கொடுக்கிறது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு, ஆலயங்களின் பசுமை முயற்சிக்குத் துணைநிற்கும் 'எக்கோ சினகாக்' உண்டு. சூரியத் தகடு பற்றிய பேச்சையும் இப்போது எடுக்கலாம். சொன்னதைச் செய்து காட்டிய குழு என்பதால் நிர்வாகக் குழு உட்கார்ந்து கேட்கும்.

ஞாயிறு கழுவும் முறைப் பட்டியலை மட்டும் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே போட்டு, ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு பெயர் எழுதி வையுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அடுத்த வாரம் தட்டு இருக்கும்.